டிரெய்லரும் இழுக்க வேண்டும், பிள்ளைகளும் உட்கார வேண்டும்: எந்தப் பழைய பிக்அப் வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கோலாலம்பூரில் இருக்கிறீர்கள், சின்னதாக ஓர் உணவு டிரெய்லர் இழுக்க வேண்டும், மூன்று பிள்ளைகளையும் அதே வண்டியில் பள்ளிக்குக் கொண்டு போய்விட வேண்டும், கையில் அறுபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்), புது வண்டிக்கு வழியில்லை. இதற்கு முன்னால் வந்த பதில்கள் எல்லாம் "கண்ணை மூடிக்கொண்டு டொயோட்டா ஹைலக்ஸ் வாங்குங்கள்" என்றுதான் சொல்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பழைய வண்டி வாங்குகிறவன் கண்ணை மூடவே கூடாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஹைலக்ஸ் மோசமான வண்டி என்று நான் சொல்லவில்லை. என் மச்சான் ஒரு வீகோவை (ஹைலக்ஸின் பழைய தலைமுறை) தோட்டத்து மண் ரோட்டில் வருடக்கணக்காக அடித்து ஓட்டினான், அது இன்னும் ஓடுகிறது. ஆனால் நீங்கள் தோட்டத்து மண் ரோட்டில் உரமூட்டை ஏற்றப் போவதில்லை. பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றப் போகிறீர்கள். இங்கே பதில் எழுதிய யாரும் பின் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களில் ஒருவராவது அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

நானும் என் மனைவியும் பட்டர்வொர்த்தில் கேட்டரிங் செய்கிறோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் என்று செபராங் பிறை முழுக்கவும், சில சமயம் ஈப்போ வரைக்கும் போவோம். முன்பு ஒரு சின்ன லோரியும் ஒரு காரும் வைத்திருந்தோம். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு இரண்டு வண்டிக்குக் கடன், இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு ரோட் டேக்ஸ் என்பது கட்டுப்படியாகவில்லை. ஒரு டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள) பிக்அப், அதன் பின்னால் அண்டா, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் ஏற்றிய ஒரு டிரெய்லர் என்று முடிவு செய்தோம். உங்கள் நிலைமையும் இதே மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜுரு பக்கம் ஒரு பழைய வண்டிக் கடைக்குப் போனோம். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: "நீங்க ஓட்ட வேணாம். பிள்ளைங்களோட பின்னால உட்காருங்க. கடைக்காரர் ஓட்டட்டும்." எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் வண்டி வாங்குவதில் இவ்வளவு உருப்படியான யோசனையை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலில் பார்த்தது ஒரு வீகோ. பின்னால் லீஃப் ஸ்பிரிங் (சுமை தாங்கும் பட்டை வில்), சுமை இல்லாமல் ஓடும்போது வேகத்தடையில் தூக்கிப் போட்டது. முதுகுச் சாய்வு நேராகச் சுவர் மாதிரி நின்றது. பெரியவள் சமாளித்துக்கொண்டாள். நடுவில் இருந்தவனுக்குப் பத்து நிமிடத்தில் முகம் வெளுத்துவிட்டது. அடுத்தது ஃபோர்ட் ரேஞ்சர் 3.2. ஐந்து சிலிண்டர், 470 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இழுக்கிற விஷயத்தில் சூரன். 2011இல் யூரோ என்சாப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் பிக்அப் இந்தத் தலைமுறை ரேஞ்சர்தான். மனசு அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் நாங்கள் பார்த்த அந்த வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், அடிச்சட்டம் (சேஸி) முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட். பெயின்டுக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாகத் தெரிந்தது. பின்பெட்டியின் மூலையில் இருந்த வடிகால் ஓட்டையில் விரலை விட்டால் வெள்ளையாக உப்பு. மீன் ஏற்றிய வண்டி. கடைக்காரர் "டாக்டர் ஓட்டின வண்டி அண்ணே" என்றார். அந்த டாக்டர் எந்த மீன்பிடித் துறையில் வேலை பார்த்தாரோ!

மூன்றாவது மிட்சுபிஷி ட்ரைட்டன், 2015க்குப் பிறகு வந்த வடிவம், 2.4 லிட்டர் டீசல், 181 குதிரைத்திறன், 430 நியூட்டன் மீட்டர். அதன் பின்சீட்டுச் சாய்வு 25 டிகிரி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பினாங்குத் தீவின் துன் சார்டோன் மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறி பாலிக் புலாவ் வரைக்கும் போய்த் திரும்பினோம், கடைசிப் பிள்ளை தூங்கிவிட்டான். அங்கேயே முடிவாகிவிட்டது. இன்னொன்று, அதன் திரும்பும் ஆரம் 5.9 மீட்டர். பள்ளிவிடும் நேரத்தில் தமிழ்ப்பள்ளி வாசலில் யூ டர்ன் அடித்துப் பாருங்கள், அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

"ட்ரைட்டனுக்கு மறுவிலை கிடைக்காது" என்று ஒருவர் வருவார். சரி, கிடைக்காமல் போகட்டும். பழையதாக வாங்குகிற நமக்கு அது லாபம்தானே? விலை இறங்கியதால்தான் அந்தப் பணத்துக்கு ஹைலக்ஸைவிடப் புதிய வருடத்து வண்டி கிடைத்தது. "அதன் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 3,000 மில்லிமீட்டர்தான், ரேஞ்சருக்கு 3,220, பின்னால் வால் நீளம், கனமான டிரெய்லருக்கு ஆகாது" என்று இன்னொருவர் சொல்வார். அவர் சொல்வது உண்மை. பின் சக்கரத்திலிருந்து இழுவைப் பந்து (டிரெய்லரைப் பூட்டுகிற கொக்கியின் இரும்புக் குண்டு) எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு டிரெய்லர் வண்டியை ஆட்டிவைக்கும். இரண்டு டன் படகு இழுக்கிறவர் ரேஞ்சரையோ இசுஸு டி-மேக்ஸையோ பார்க்கட்டும். நிசான் நவாராவில் (2015க்குப் பிந்தையது) பின்னால் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்), பிள்ளைகளுக்கு அதுதான் சொகுசு. ஆனால் பின்பெட்டியில் சுமையும் கொக்கியில் டிரெய்லருமாக ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

இப்போது எடைக் கணக்கு. எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விளம்பரத்தில் 3,100 கிலோ, 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். அது டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருந்தால். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு இந்த ரக வண்டிகளுக்குக் கையேட்டில் பெரும்பாலும் 750 கிலோதான். உங்கள் உணவு டிரெய்லர் வெறும் கூடாகவே ஐந்நூறு கிலோ இருக்கும். அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, சிலிண்டர் எல்லாம் ஏற்றிய பிறகு எவ்வளவு? பழைய இரும்புக் கடையில் எடைமேடை இருக்கும், சில்லறைக் காசுக்கு நிறுத்துத் தருவார்கள். நிறுத்திப் பார்க்காமல் வண்டி வாங்கப் போகாதீர்கள்.

அப்புறம் வண்டி தாங்கும் சுமை. டபுள் கேப் என்றால் ஏறக்குறைய 900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், ரகத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும். அதில் நீங்கள், மனைவி, பிள்ளைகள், குழந்தை இருக்கைகள் எல்லாம் அடக்கம். பின்பெட்டிக்கு ஃபைபர் கெனோபி (மேல்மூடி) போட்டிருந்தால் அதுவும் அடக்கம். டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்துகிற எடையும் அடக்கம். அது டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மூக்கு லேசாக இருந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். ஒருமுறை வேலைக்கு வந்த பையன்கள் அவசரத்தில் பெரிய அண்டாக்களை எல்லாம் டிரெய்லரின் கடைசியில் அடுக்கிவிட்டார்கள். இரண்டாம் பினாங்குப் பாலத்தில் பக்கக் காற்று வேறு. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இடமும் வலமும் அசைகிறது, ஸ்டியரிங்கிலும் அது தெரிகிறது. பிரேக்கை மிதிக்காமல், காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். மெல்ல அடங்கியது. 24 கிலோமீட்டர் பாலத்தில் ஓரம் கட்டிப் பொருளை மாற்றி அடுக்க எங்கே இடம்? ஊர்ந்துகொண்டே கரை சேர்ந்தோம். இதில் வண்டி நல்ல வண்டியா கெட்ட வண்டியா என்பதே இல்லை. கனமான சாமானை அச்சுக்கு மேலேயும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. ஈப்போ கல்யாணத்துக்குப் போகும்போது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கம் தாண்டி நீளமான இறக்கம் வரும். 430 நியூட்டன் மீட்டர் அங்கே உதவாது. கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்கத் தெரிய வேண்டும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது மேட்டில் மட்டுமல்ல, பள்ளத்திலும் ஓட்டுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் நிறத்தைப் பாருங்கள், கருகிய வாசம் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

ஏற்கெனவே கொக்கி மாட்டியிருக்கும் வண்டி கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். முன்பு என்ன இழுத்தான், எவ்வளவு இழுத்தான்? போல்ட் ஓட்டைகளைச் சுற்றிச் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பந்தின் அளவையும் பாருங்கள். சந்தையில் 50 மில்லிமீட்டர் பந்தும் உண்டு, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒன்றேமுக்காலே அரைக்கால் (1 7/8) அங்குலப் பந்தும் உண்டு. சின்னப் பந்தில் பெரிய கப்ளரை (டிரெய்லர் மூக்கில் பந்தைக் கவ்வுகிற கிண்ணம்) பூட்டினால் பூட்டிய மாதிரியே தெரியும், குழியில் விழும்போது கழன்றுகொள்ளும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். 2017 நவம்பரில் இங்கே பினாங்கு மூழ்கியது. 2021 டிசம்பரில் உங்கள் பக்கம் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கள். சீட்டைக் கழுவுவார்கள், கம்பளத்தை மாற்றுவார்கள், பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கே நிற்கும். பெயர் மாற்றத்துக்குச் செய்கிற புஸ்பாகம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனையில் தேறிவிட்டது என்று கடைக்காரர் சொன்னால், அது பெயர் மாற்றத்துக்கான சோதனை. வண்டியின் ஜாதகம் அதில் இருக்காது.

பிள்ளைகள் விஷயம். 2020 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். பிக்அப்பின் பின்சீட்டில் மூன்று இருக்கைகளை வரிசையாக வைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உங்கள் இருக்கைகளையே கடைக்கு எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவே விரலை விட்டு ஐசோஃபிக்ஸ் வளையம் (குழந்தை இருக்கையைப் பூட்டுகிற கம்பி) இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பழைய மலிவு ரகங்களில் காற்றுப்பை இரண்டே இரண்டுதான், அதுவும் முன்னால் உட்காருகிறவர்களுக்கு. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்குகிற வசதி) இல்லாத ரகத்தை, டிரெய்லர் இழுக்கிறவர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கேஸ் சிலிண்டரைப் பிள்ளைகள் இருக்கும் கேபினுக்குள் வைக்காதீர்கள். பின்பெட்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், பக்கத்துத் தெருவுக்கே என்றாலும். இதைச் சொன்னால் "நாங்க எல்லாம் தோட்டத்துல லோரியில நின்னுதான் பள்ளிக்கூடம் போனோம்" என்று ஒரு பெரியவர் நிச்சயம் வருவார். வணக்கம் ஐயா, நானும் அப்படித்தான் போனேன்.

டீசல் செலவையும் கணக்கில் வையுங்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் மானியத்தை எடுத்தபோது லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 3.35க்குப் போனது. நாங்கள் தட்டுக்கு ஐம்பது காசு ஏற்றினோம், அதற்கே எத்தனை முறைப்பு! இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அழைப்பிதழில் ஏழு மணி விருந்து என்று அச்சடித்துவிட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் ஒன்பதரைக்கு மண்டபத்துக்குள் நடனமாடி வருகிறார்கள். சோறு ஏழு மணிக்குத் தயார். அதை இரண்டரை மணி நேரம் சூடாக வைக்கிற கேஸ் யார் காசு? பிரியாணி காய்ந்துவிட்டது என்று மறுநாள் போன் செய்து மீதிப் பணத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். புகைப்படக்காரருக்கு முன்பணமே முழுசாகப் போகிறது, சமைத்தவனுக்குத்தான் பாக்கி. சரி, விடுங்கள்.

பிக்அப் வாங்கிய செய்தி பரவியதும் இதுவரை பேசாத உறவெல்லாம் பேசும். வீடு மாற்ற, கட்டில் ஏற்ற, தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் போடுகிற தண்ணீர்ப் பந்தலுக்குத் தேங்காய் மூட்டையும் ஐஸ் பெட்டியும் கொண்டுபோக. பந்தலுக்கு நான் காசு வாங்குவதில்லை. கட்டிலுக்கு டீசல் ஊற்றச் சொல்வேன், முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

உங்களுக்கு என் பதில்: எடைமேடையில் உங்கள் டிரெய்லர் 750 கிலோவுக்குள் வந்தால் 2.4 ட்ரைட்டன், மேலே சொன்ன சோதனைகளில் தேறிய ஒன்று. அதற்கு மேல் என்றால் முதலில் டிரெய்லருக்கு பிரேக் வைத்துக்கொண்டு, மீன் ஏற்றாத ஒரு ரேஞ்சரைத் தேடுங்கள். அறுபதாயிரத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் ஐயாயிரமாவது ஒதுக்கி வையுங்கள். நான்கு டயர், டிரெய்லர் விளக்குக்கு ஒழுங்கான வயரிங், பிரேக் பேட், எல்லா ஆயிலும் மாற்றுவது என்று முதல் மாதத்திலேயே அது போய்விடும். டிரெய்லரை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) எப்படிப் பதிவு செய்வது என்பதைத் தரகரிடம் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள். நிறுத்த பிறகு எடை எவ்வளவு வந்தது என்று கீழே எழுதினால் மேலே பேசலாம்.