இந்தக் காருக்கு இந்தக் கேரவன் சரிவருமா?

கேள்வி: நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். எங்கள் பெட்ரோல் காரின் எடை 1,500 கிலோ. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,600 கிலோ வரை இழுக்கலாம், காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் 75 கிலோ வரை பாரம் ஏற்றலாம் என்று கையேட்டில் இருக்கிறது. ஒற்றை ஆக்சில் (ஒரே அச்சில் இரண்டு சக்கரம்) கேரவன் ஒன்றை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறோம். காலி எடை 1,200 கிலோ, சாமான்களோடு அதிகபட்சம் 1,450 கிலோ. விற்பவர், "தாராளமாக இழுக்கும்" என்கிறார். இதற்கு முன் நாங்கள் எதையும் இழுத்து ஓட்டியதில்லை. வாங்கலாமா? காரின் எடை வரம்புகள் எழுதிய தகட்டைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கார் இதை இழுக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடக்குமா என்பதில்தான் தயக்கம். முதல் கேரவனாக இதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

கையேட்டில் உள்ள அந்த 1,600 எப்படி வருகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி, முழு பாரத்தோடும் டிரெய்லரோடும் 12 சதவீத ஏற்றத்தில் கார் நின்று நின்று கிளம்பிக் காட்ட வேண்டும், ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை. இன்ஜினும் கிளட்சும் தாங்குகின்றனவா என்று பார்க்கிற சோதனை அது. இறக்கத்தில் வேகமாகப் போகும்போது பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து, அந்தக் காற்று கேரவனைத் தள்ளினால் காரின் பின்பக்கம் நிலையாக நிற்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. பயப்பட வேண்டியதோ அந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

அதனால்தான் பிரிட்டனில் கேரவன் ஓட்டுகிறவர்கள் நெடுங்காலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கேரவனின் அதிகபட்ச எடை, காரின் காலி எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நன்றாகப் பழகியவர்கள் 100 சதவீதம் வரை போகலாம், அதற்கு மேல் யாரும் போகக் கூடாது. இது சட்டமில்லை, அனுபவத்தில் வந்த வழக்கம். உங்கள் காருக்கு 85 சதவீதம் என்பது 1,275 கிலோ. இந்தக் கேரவன் 97 சதவீதத்தில் நிற்கிறது. "குறைவாக ஏற்றிக்கொள்கிறோம்" என்று நினைக்கலாம். ஆனால் காலி எடைக்கும் அதிகபட்ச எடைக்கும் நடுவே 250 கிலோதான் இருக்கிறது. பேட்டரி, கேஸ் சிலிண்டர், முன்கூடாரம், நாற்காலிகள், பாத்திரங்கள், நாலு பேரின் துணிமணி என்று அது எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்பது ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 40 லிட்டர் தண்ணீரே 40 கிலோ.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்த 75 கிலோ. மாட்டு வண்டிக்கு முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவது போலத்தான் கேரவனும்: பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். இங்கே எழும்புவது காரின் பின்பக்கம். டயரின் பிடி குறையும், கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும். அதைத் தடுக்க, கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 1,450 கிலோவுக்கு அது 72 முதல் 101 கிலோ. உங்கள் காருக்கு அனுமதியே 75 என்பதால், எப்போதும் அந்த அளவின் அடிமட்டத்திலேயே ஓட்ட வேண்டிவரும். பின்பக்க அலமாரியில் யாராவது ஒரு பெட்டியைக் கூடுதலாக வைத்துவிட்டால் அதுவும் போச்சு. கார், கொக்கி, கேரவனின் இணைப்பு மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

இந்த 75 கிலோ காரை என்ன செய்கிறது என்பதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கொக்கி பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருக்கிறது. இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 2.7 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து கொக்கி 1.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின் ஆக்சிலில் கூடுவது 75 அல்ல, ஏறக்குறைய 105 கிலோ. முன் ஆக்சிலில் 30 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் மேலே பார்க்கும், முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் ஈரமான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். ஆக்சில் இடைவெளி நீளமாகவும் கொக்கி பின் ஆக்சிலுக்குப் பக்கத்திலும் உள்ள கார், அதே எடையுள்ள இன்னொரு காரைவிட நிதானமாக இழுப்பது இதனால்தான்.

நீங்கள் அனுப்பிய தகட்டில் நான்கு எண்கள் இருக்கின்றன. முதலாவது 1,990: ஆட்களும் சாமானும் ஏறிய காரின் உச்ச எடை. கொக்கியின் மேல் அழுத்தும் பாரமும் இதற்குள் அடங்க வேண்டும். இரண்டாவது 3,490: காரும் கேரவனும் சேர்ந்து. கழித்தால் 1,500, ஆக அந்த வகையில் தப்பு இல்லை. மற்ற இரண்டும் முன், பின் ஆக்சில்களின் வரம்பு. பிள்ளைகள் பின்சீட்டில், டிக்கி நிறைய சாமான், மேலே கொக்கிப் பாரம் என்று சேரும்போது முதலில் மீறப்படுவது பின் ஆக்சில்தான். மொத்த எடை சரியாக இருந்து இது மட்டும் தாண்டியிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? அதிகபட்ச எடை 1,250 கிலோவுக்குள் உள்ள கேரவனாகத் தேடுங்கள். அதற்குக் கொக்கிப் பாரம் 6 சதவீதம் போட்டாலும் 75-இல் முடிந்துவிடும். நாலு பேர் படுக்கிற மாதிரி அந்த எடையிலும் கிடைக்கும், வசதி கொஞ்சம் குறையும். ஸ்டெபிலைசர் உள்ள இணைப்பு இருந்தால் நல்லது. அது சின்ன ஆட்டங்களை அமுக்கும், பொருந்தாத ஜோடியைப் பொருந்த வைக்காது. உராய்வில் வேலை செய்கிற வகை என்றால் கொக்கி உருண்டையில் கிரீஸ் ஒட்டியிருக்கவே கூடாது.

ஏற்றும்போது கனமானவை ஆக்சிலுக்கு மேலே, தரையோடு. மேல் அலமாரிகளில் துணி மாதிரி லேசானவை மட்டும். கொக்கிப் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம்: கேரவனைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இணைப்புக்குக் கீழே ஒரு மரக்கட்டையை நிறுத்தி எடைக்கருவியின் மேல் இறக்குங்கள். கேரவன் மட்டமாக நிற்கிற உயரத்துக்குக் கட்டையை வெட்டிக்கொள்வது முக்கியம். மொத்த எடைக்கு, பயணத்துக்கு ஏற்றிய நிலையிலேயே ஒருமுறை எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். காரின் பின் டயர்களில் முழு பாரத்துக்குச் சொல்லப்பட்ட காற்றழுத்தம் இருக்கட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கேரவன் ஆடும். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டாம், பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்க அதிக நேரம் எடுக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் அடங்கவே அடங்காது.

அப்புறம், அடுத்த கேரவனைப் பார்க்கப் போகும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3418 என்றிருந்தால் 2018-இன் 34-ஆவது வாரம் செய்தது. கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். டயரின் வரிப்பள்ளம் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும், ஏழு வயது தாண்டியிருந்தால் புது டயரின் விலையைக் கழித்துக்கொண்டே பேசுங்கள்.