கிட்டார் ஒலிப்பதிவுக்குக் கூண்டு கட்டலாமா?

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். பத்தடிக்குப் பதினோரடி உள்ள படுக்கையறையில் அகூஸ்டிக் கிட்டார் வாசித்துப் பதிவு செய்கிறேன். தெருவில் போகும் ஆட்டோவின் சத்தமும் அறையின் எதிரொலியும் பதிவில் சேர்ந்தே விழுகின்றன. ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்று இணையத்தில் விற்ற ஓரங்குல ஃபோம் துண்டுகள் 24 வாங்கிச் சுவரில் ஒட்டினேன். ஆட்டோ சத்தம் கொஞ்சமும் குறையவில்லை, கிட்டார்தான் மங்கிப்போனது. நாலடிக்கு நாலடியில் பிளைவுட் கூண்டு செய்து உள்ளே அதே ஃபோமை ஒட்டிவிடலாம் என்கிறார் தச்சர். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. செய்யலாமா?

பதில்: கூண்டு வேண்டாம். அந்தப் பணத்தில் இதைவிட நல்ல பதிவு கிடைக்க வழி இருக்கிறது.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்ளே எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சுவது மற்றொன்று. தடுப்பதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் தேவை; உறிஞ்சுவதற்குக் காற்று நுழைந்து திணறும்படியான தடித்த பஞ்சு தேவை. ஃபோமில் கனம் இல்லை என்பதால் அது ஆட்டோ சத்தத்தைத் தடுக்காது. முட்டை அட்டைக்கும் தெர்மாகோலுக்கும் இதே கதிதான். ஓரங்குல ஃபோம் உறிஞ்சுவதும் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) மேற்பட்ட கூர்மையான ஒலிகளை மட்டுமே. கம்பியில் நகம் படும்போது எழும் மினுமினுப்பு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதை ஃபோம் தின்றுவிட, கிட்டாரின் உடலிலிருந்து எழும் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான முழக்கம் குறையாமல் அறையில் சுற்றுகிறது. நீங்கள் கேட்ட மங்கல் இதுதான். உங்கள் காதில் குறையில்லை.

இனி தச்சர் சொல்லும் கூண்டைப் பார்ப்போம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவில் கனக்கும்; 12 மில்லிமீட்டர் பிளைவுட்டோ ஏறத்தாழ 8 கிலோதான். கனத்தை இரட்டித்தால்தான் தடுப்பு ஐந்தாறு டெசிபல் கூடும் என்பதால், ஆட்டோ சத்தத்தை நிறுத்தும் அளவுக்குப் பலகையை அடுக்குவது உங்கள் தொகையில் முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கிறது. எதிரெதிரே நாலடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையில் சுமார் 140 ஹெர்ட்ஸ் ஒலி தானாகவே பெருகி நிற்கும். கிட்டாரின் நாலாம் கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் எழும் ‘டி’ ஸ்வரம் 147 ஹெர்ட்ஸ், அதாவது கிட்டத்தட்ட அதே இடம். இப்படியொரு கூண்டுக்குள் நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்: மற்ற ஸ்வரங்கள் அளவாக ஒலிக்க, அந்த ஒன்று மட்டும் வயிற்றில் இடிப்பதுபோல் எழுந்தது. ஓரங்குல ஃபோமால் இதை அசைக்க முடியாது. பேசுவதற்கும் பாடுவதற்கும் சிறு கூண்டு ஓரளவு உதவலாம்; கிட்டாருக்கு விசாலமான இடம் வேண்டும். தவிர, சென்னை வெயிலில் மூடிய பலகைப் பெட்டிக்குள் கால் மணி நேரத்தில் வியர்த்து, கம்பிகளின் சுருதியும் விலகத் தொடங்கும்.

ஆகவே அறையை அறையாகவே வைத்துக்கொண்டு, வாசிப்பவரைச் சுற்றித் தடித்த பஞ்சுப் பலகைகளை நிறுத்துவதே சரியான வழி. இரண்டங்குல ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகைகளை இரண்டிரண்டாக அடுக்கினால் நாலங்குலத் தடிமன் வரும். தீ மற்றும் வெப்பக் காப்புப் பொருள் விற்கும் கடைகளில் கனமீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். ‘ஸ்டூடியோ மெட்டீரியல்’ என்று விற்கும் இடத்தில் அதே பொருளின் விலை ஏறிவிடும். பலகையின் அளவு கடைக்குக் கடை மாறுவதால், முதலில் அதை வாங்கி அளந்து பார்த்துவிட்டுப் பிறகு மரச்சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கு விலை உயர்ந்த மரம் எதுவும் தேவையில்லை. மேலே போர்த்துவதற்குக் காடா துணியே போதும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால் அது ஏற்ற துணி. ரெக்சினும் பிளாஸ்டிக் பூசிய திரைத் துணியும் கூர்மையான ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நாலடி உயரத்தில் ஆறு பலகைகள் செய்து, அடியில் கால் வைத்துத் தரையில் நிறுத்துங்கள். வாடகை வீட்டுச் சுவரில் துளை போட வேண்டியதில்லை. வீடு மாறும்போது பலகைகளும் உடன் வரும். சுவருக்கும் பலகைக்கும் இடையில் நாலங்குலம் விட்டால், அந்த இடைவெளியே செலவில்லாமல் கீழ் ஒலிகளில் கூடுதல் உறிஞ்சலைத் தரும். ஆறுக்கும் பணம் போதாவிட்டால் நான்கு செய்துகொண்டு, வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தையை ஒரு பக்கம் நிமிர்த்தி வையுங்கள். பழைய மெத்தைதானே என்று தயங்க வேண்டாம். உங்கள் 24 ஃபோம் துண்டுகளைவிட அது நன்றாகவே உறிஞ்சும்.

அடுத்து, உட்காரும் இடம். ‘கார்டியாய்ட்’ வகை மைக் முன்னால் வருவதை நன்றாகவும் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் வாங்கும். எனவே சன்னலைப் பார்த்தபடி நீங்கள் உட்கார்ந்து, உங்களுக்கும் சன்னலுக்கும் நடுவில் மைக்கை வைத்தால், மைக்கின் முதுகு தெருவைப் பார்க்கும். அதன் முகம் உங்களையும் உங்களுக்குப் பின்னால் நிற்கும் பலகைகளையும் பார்க்கும். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு எதுவும் ஆகாது. மைக்கைக் கிட்டாரின் ஒலித்துளைக்கு நேராக நீட்டாமல், கழுத்தும் உடலும் சேரும் இடத்தை ஒட்டிய பன்னிரண்டாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பக்கமாக, எட்டு முதல் பன்னிரண்டு அங்குலத் தொலைவில் வைத்துத் தொடங்குங்கள். காலடியில் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள். அறையில் இரும்பு பீரோ இருந்தால் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்துக் கேளுங்கள். ஏதோ ஒரு ஸ்வரத்துக்கு அதன் கதவோ மேலே வைத்த எவர்சில்வர் டப்பாவோ அதிரும்.

வெளிச் சத்தத்துக்குக் கதவு, சன்னல் இடுக்குகளை அடைப்பதே கைக்கு எட்டும் வழி. மூன்றடி அகலக் கதவின் கீழே அரை அங்குல இடுக்கு இருந்தால், அது கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கதவு எத்தனை கனமாக இருந்தாலும் 22 டெசிபல் அளவுக்கு மேல் தடுக்க அந்த இடுக்கு விடாது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஒலியும் கசியும். அங்கே ரப்பர் பட்டை ஒட்டினால் குறிப்பிடத்தக்க அளவு குறையும். முற்றிலும் நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிச்சத்துக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு விடியற்காலையில் பதிவு செய்வதே நடைமுறை.

கேள்வி: ஃபோம் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘இது ஒலியை உறிஞ்சும், அதைத்தான் சவுண்ட் ப்ரூஃப் என்கிறோம்’ என்று சொல்லி மறுத்துவிட்டார். என்.ஆர்.சி. 0.8 என்ற எண்ணையும் காட்டினார். எனக்கு உரிமை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. அவர் காட்டிய எண் 250, 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களில் அளந்த உறிஞ்சலின் சராசரி. ஒலியை எவ்வளவு தடுக்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தடுப்பைக் குறிக்கும் எண் எஸ்.டி.சி. எனப்படும். ஆக, உறிஞ்சும் பொருளைத் தடுக்கும் பொருள் என்று விற்றிருக்கிறார். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ இணையச் சந்தையில் விற்பவர் மறுக்கக் கூடாது. பொருளின் விவரப் பக்கம் மாற்றப்படுவதற்கு முன்பே அதை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்து, ரசீது, உரையாடல் ஆகியவற்றுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. சுவரில் ஒட்டிவிட்டதால் உரிமை போய்விட்டது என்று அவர் சொன்னால் ஏற்க வேண்டாம். ஒட்டிப் பார்க்காமல் குறை தெரிந்திருக்காது.

இனி எதை வாங்கினாலும் 125 ஹெர்ட்ஸில் உறிஞ்சல் எவ்வளவு என்று சோதனை அறிக்கையைக் கேளுங்கள். என்.ஆர்.சி.யின் சராசரியில் அந்த எண் சேர்வதே இல்லை. கிட்டாருக்கோ அதுதான் முக்கியம்.

கேள்வி: ராக்வூல் நுரையீரலுக்குக் கெடுதல், ஃபோமே பாதுகாப்பானது என்கிறார்களே?

பதில்: ராக்வூலை வெட்டும்போது எழும் தூசு தோலிலும் தொண்டையிலும் அரிப்பைத் தரும். முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, மொட்டைமாடியில் வைத்து வெட்டுங்கள். துணி போர்த்திய பின் அதை அழுத்தவோ தட்டவோ வேண்டாம். காப்புக்குப் பயன்படும் கண்ணாடி மற்றும் பாறை இழைகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த இயலாதவை என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2001-இல் வைத்தது.

ஃபோமைப் பற்றித்தான் எனக்கு அச்சம் அதிகம். ராக்வூல் எரியாது, தீத்தடுப்புச் சேர்க்காத பாலியூரித்தேன் ஃபோம் நொடிகளில் பற்றி நச்சுப் புகையைக் கக்கும். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள மேற்கு வார்விக் நகரின் இரவு விடுதியில், மேடைச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் மத்தாப்புப் பொறியில் பற்றி 100 பேர் இறந்தார்கள். நீங்கள் ஒட்டிய 24 துண்டுகளில் ஒன்றின் ஓரத்தைக் கிள்ளி எடுத்து, மாடியில் தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். தீக்குச்சியை விலக்கிய பிறகும் எரிந்துகொண்டே சொட்டினால், பணம் திரும்பி வரும்வரை காத்திராமல் எல்லாத் துண்டுகளையும் சுவரிலிருந்து உரித்துவிடுங்கள். வழக்குக்குச் சான்றாக இரண்டை மட்டும் வீட்டுக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள்.