காட்டு நிலத்தில் தேசியக் கொடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊர் மலை உச்சி காப்புக்காட்டுக்குள் வருகிறது. இளைஞர் மன்றம் சார்பில் அங்கே 50 அடிக் கொடிக்கம்பம் நட நினைக்கிறோம். கொடியேற்றும் உரிமை எல்லோருக்கும் உண்டுதானே?

பதில்: உண்டு. மரியாதையோடு தேசியக் கொடியைப் பறக்கவிடுவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையில் அடங்கும் என்று தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தொடுத்த வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் கொடியேற்றியது தன்னுடைய ஆலை வளாகத்தில். கொடி மீதான உரிமை, அடுத்தவர் நிலத்தின் மீதோ அரசு நிலத்தின் மீதோ உரிமை தந்துவிடாது.

ஐம்பதடிக் கம்பம் என்றால் குழி தோண்ட வேண்டும், கான்கிரீட் பீடம் கட்ட வேண்டும், மணலும் ஜல்லியும் ஏற்றப் பாதை வெட்ட வேண்டும். காட்டு நிலத்தைக் காடு சாராத வேலைக்காகத் தோண்டுவதற்கும் திருத்துவதற்கும் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும். எல்லையோரப் பணிகளுக்கும் பாதுகாப்புப் படைகளின் கட்டமைப்புகளுக்கும் 2023 திருத்தம் சில விலக்குகள் தந்தது. ஊர் மன்றத்துக்கு அவை பொருந்தாது. என் யோசனை: அடிவாரத்தில் ஊராட்சி நிலத்தில் நடுங்கள். முதியவர்களும் குழந்தைகளும் வந்து வணங்க முடியும்.

கேள்வி: ரேஞ்சர் வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டார். போதாதா?

பதில்: போதாது. ஒன்றிய அரசின் ஒப்புதல் இல்லாமல் மாநில அரசே இதற்கு உத்தரவு போட முடியாது.

கேள்வி: காட்டுக்குள் உள்ள பழங்குடிக் குடியிருப்பில் பள்ளி நடத்துகிறோம். குடியரசு தினத்துக்குக் கொடியேற்றக்கூடாது என்று ஒருவர் மிரட்டுகிறார்.

பதில்: தயங்காமல் ஏற்றுங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், குடிநீர் உட்பட 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தர வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அப்படி முறையாக அமைந்த பள்ளியின் முற்றத்தில் கொடியேற்றத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைகளே வரிசையில் நின்று கொடிக்கு மரியாதை செய்கின்றன! காட்டுக்கும் கொடிக்கும் பகை இல்லை. புதிதாகத் தோண்டுவதும் வெட்டுவதும்தான் சிக்கல். காட்டையே வீடாகக் கொண்ட பிள்ளைகளிடம் கொடியேற்றாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

கேள்வி: மலையேற்றத்தின்போது கையில் கொடி கொண்டு போகலாமா?

பதில்: அனுமதி பெற்ற பாதை என்றால் தாராளமாக. துணிக்கொடியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் கொடிகளுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை. படம் எடுத்தபின் மரத்தில் கட்டிவிட்டோ பாறையிடுக்கில் செருகிவிட்டோ வராதீர்கள். அது மழையில் நைந்து தரையில் விழும். தரையில் படவிடுவதும், சேதமான கொடியைப் பறக்கவிடுவதும் 2002ஆம் ஆண்டுக் கொடி விதிமுறைகளுக்கு மாறானவை.

கேள்வி: காட்டோரத்தில் உள்ள எங்கள் பட்டா நிலத்தில் இரவிலும் கொடி பறக்கலாமா? போகஸ் லைட் போடலாமா?

பதில்: 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு பகலிலும் இரவிலும் பறக்கலாம். விளக்கு விஷயத்தில் மட்டும் யோசியுங்கள். மேல்நோக்கி அடிக்கும் வெளிச்சம் இரவுப் பறவைகளையும் வௌவால்களையும் பூச்சிகளையும் குழப்பும். காட்டை ஒட்டிய இடமானால் மாலையில் இறக்கிவிடுவதே நல்லது.

கேள்வி: கிழிந்த கொடியை என்ன செய்வது?

பதில்: முழுதாக, தனிமையில், மரியாதையோடு எரித்துவிடலாம். ஆனால் காட்டுக்குள் எரிக்காதீர்கள், குறிப்பாகக் கோடையில். வீட்டுக்கு எடுத்து வந்து செய்யுங்கள்.