எந்த நாளில் இருந்த இன்ஜின்? மாதிரி நீராவி இன்ஜின் விவரங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் நீராவி இன்ஜினின் 1930களின் தோற்றத்தை 1:76.2 அளவில் செய்ய விரும்புகிறேன். இப்போது பாதுகாக்கப்பட்டு ஓடும் இன்ஜினைப் படமெடுத்து, அதை வைத்தே செய்துவிடலாமா, ஐயா?

பதில்: அப்படிச் செய்தால் எந்த ஆண்டிலும் இல்லாத ஓர் இன்ஜின்தான் உருவாகும். 1923இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் பணிமனையில் ஏ1 வகையாகக் கட்டப்பட்ட அந்த இன்ஜின், 1947இல்தான் உயர் அழுத்தக் கொதிகலன் பெற்று ஏ3 வகையானது. இரட்டைப் புகைபோக்கி 1950களின் இறுதியிலும், அதன் இருபுறமும் நிற்கும் புகைத் தடுப்புத் தகடுகள் 1961இலும் வந்தவை. ஆகவே 1930களின் மாதிரியில் இவை எதுவும் இருக்கக் கூடாது. இவற்றை எவரும் கவனித்து விடுவார்கள்; பலர் தவறவிடுவது புகைப்பெட்டியின் (கொதிகலனின் முன்முனையில், புகைபோக்கியின் அடியில் உள்ள பகுதி) மேல்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு மூடித் தகட்டைத்தான். அது ஏ3 கொதிகலனின் பெரிய மிகைவெப்பக் கருவிக்காக (நீராவியை மேலும் சூடாக்குவது) வந்தது. ஏ1 நிலையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். எண்ணையும் பாருங்கள்: 1930களில் 4472, பிரிட்டிஷ் ரயில்வே காலத்தில் 60103. சேவையிலிருந்து விலகிப் பாதுகாக்கப்பட்டு ஓடிய காலத்தில் ஒரு சமயம் ஆப்பிள் பச்சை நிறத்தோடும் 4472 என்ற எண்ணோடும் இரட்டைப் புகைபோக்கியை வைத்துக்கொண்டே அது ஓடியது. அந்தப் படங்களை நம்பிச் செய்யப்பட்ட மாதிரிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பெரும்பழுதுக்குப் பணிமனைக்குள் சென்ற இன்ஜின் வேறொன்றின் கொதிகலனோடு வெளியே வருவது சாதாரண நடைமுறை. எனவே வகையையும் எண்ணையும் மட்டும் குறித்துக்கொள்ளாமல், ஆண்டையும் முடிந்தால் மாதத்தையும் முதலில் முடிவு செய்துவிட்டு, தேதி தெரியாத படத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: பணிமனையின் மூல வரைபடத்தின் நகல் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் வேறு ஆதாரம் தேவையா?

பதில்: தேவை. வரைபடம் எப்படிக் கட்ட நினைத்தார்கள் என்பதைச் சொல்லும். எப்படிக் கட்டினார்கள் என்பதைப் புகைப்படம்தான் சொல்லும். வரைபடத்தில் எல்லா ரிவெட்டுகளும் காட்டப்பட்டிருக்கலாம், ஆனால் அவற்றில் பல தகட்டோடு சமமாகத் தேய்க்கப்பட்டு, வண்ணத்தின் அடியில் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். அத்தனையையும் புடைக்கச் செய்த டெண்டர் (இன்ஜினின் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) அம்மை போட்டதுபோல இருக்கும். மேலும், நகலின் மீது அளவுகோலை வைத்து அளக்காதீர்கள். பழைய தாள் நீளத்திலும் அகலத்திலும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், எழுதப்பட்டிருக்கும் எண்ணையே நம்ப வேண்டும். ஏ1, ஏ3 வகைகளில் முதல் இயக்க அச்சிலிருந்து கடைசி இயக்க அச்சு வரை 14 அடி 6 அங்குலம். உங்கள் அளவில் அது சரியாக 58 மில்லிமீட்டர். அந்த அளவுக்குக் குறைத்த நகலில் 57.4 வந்தால், நீளவாக்கில் மற்ற எல்லாமே அதே விகிதத்தில் குறைந்திருக்கும் என்று புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: அந்த அளவிலேயே சக்கரங்களைப் பொருத்தினால் ஒன்றோடொன்று உரசுகின்றன. என் கணக்கில் பிழையா?

பதில்: பிழை இல்லை. 6 அடி 8 அங்குலச் சக்கரம் 26.67 மில்லிமீட்டராகிறது; மூன்று இயக்க அச்சுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கிடையே 29 மில்லிமீட்டர்; மிஞ்சுவது 2.33 மட்டுமே. மாதிரிச் சக்கரத்தில் தண்டவாளத்தின் உட்புறம் இறங்கும் விளிம்பு உண்மை விகிதத்தைவிட ஆழமாக இருப்பதால் அந்த இடைவெளியை அதுவே விழுங்கிவிடுகிறது. அச்சுகளை நகர்த்துவதைவிடச் சக்கரத்தை அரை மில்லிமீட்டர் சிறிதாக்குவதே மேல். உண்மை இன்ஜினிலும் சக்கரத்தைச் சுற்றியுள்ள தேய்ந்த எஃகுப் பட்டையைக் கடைந்து கடைந்து விட்டம் குறைந்துகொண்டுதான் வந்தது.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தைக் கண்டறிய முடியுமா?

பதில்: தனியாக அதை வைத்து முடியாது. ஆர்தோகுரோமேட்டிக் எனப்படும் பழைய படச்சுருள்களும் தகடுகளும் சிவப்பொளியை உணராதவை. அவற்றில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். இன்ஜினின் முன்முனையில் குறுக்காக இருக்கும் தாங்கிப் பலகை சிவப்பு என்று எழுத்து ஆதாரம் இருந்தும், படத்தில் கறுத்திருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். புத்தம் புதிய இன்ஜின் பணிமனை வாசலில் பளிச்சென்று சாம்பல் நிறத்தில் நின்றால், அது பெரும்பாலும் புகைப்படத்துக்காகவே பூசிய வண்ணம். அந்த நிறத்தில் அது தண்டவாளத்தில் வேலை செய்ததாகக் கொள்ளக் கூடாது.

கேள்வி: ஒரே ஒரு படம், சற்றுக் கோணலாக எடுத்தது. அதிலிருந்து அளவெடுக்கலாமா?

பதில்: செங்குத்து அளவுகளை மட்டும் எடுக்கலாம். பக்கவாட்டில் சுருங்கி நீள்வட்டமாகத் தெரியும் சக்கரத்தின் உயரத்தையே கோலாகக் கொண்டு, அதே தூரத்தில் உள்ள பொருள்களை மட்டும் ஒப்பிடுங்கள். கொதிகலனின் நடுக்கோடு சக்கரத்தைவிடக் காமிராவிலிருந்து விலகி உள்ளே இருப்பதால், அங்கே இதே கோலைப் பயன்படுத்தினால் அளவு குறைந்துதான் வரும்.

கேள்வி: இன்ஜினின் மறுபக்கம் எந்தப் படத்திலும் இல்லை. தெரிந்த பக்கத்தையே திருப்பிப் போடலாமா?

பதில்: கூடாது. ஓட்டுநர் நிற்கும் பக்கத்தில் போகும் குழாய்களும் திசைமாற்றுத் தண்டும் எதிர்ப்பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. அதே கட்டுமானத் தொகுப்பில், அதே ஆண்டில் பழுது பார்க்கப்பட்ட உடன்பிறப்பு இன்ஜினின் படத்தைத் தேடி, அதிலிருந்து எடுத்தவற்றை மட்டும் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். உங்கள் இன்ஜினின் அந்தப் பக்கத்துப் படமே கிடைக்கும் நாளில் அழித்துத் திருத்துவது எளிது. அதுவரை அந்தப் பக்கத்துக் குழாய்களைப் பற்றவைக்க வேண்டாம்.