கால்பந்திலும் கேப்டன், கிரிக்கெட்டிலும் கேப்டன்: சுனி கோஸ்வாமி பற்றிய கேள்விகள்

கே: அண்ணே, சுனி கோஸ்வாமி கால்பந்து ஆட்டக்காரர்தானே? ரஞ்சி கிரிக்கெட் ஸ்கோர் அட்டையிலும் அதே பெயர் இருக்கிறதே?

ப: அதே ஆள்தான். 1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன். 1971-72 ரஞ்சி இறுதி ஆட்டத்தில் பம்பாயிடம் தோற்ற வங்காள அணிக்கும் அவரே கேப்டன்.

கே: கிரிக்கெட் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடியதா?

ப: இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கோபம் வரும். 1966 டிசம்பரில் இந்தூரில், சோபர்ஸ் தலைமையில் இந்தியா வந்திருந்த மேற்கிந்திய அணியை மத்திய, கிழக்கு மண்டலங்களின் கூட்டணி இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அதில் மிதவேகப் பந்து போட்டு 8 விக்கெட் எடுத்தவர் சுனி. 1968-69 ரஞ்சி இறுதியில் 96, 84 என்று இரண்டு இன்னிங்ஸிலும் அடித்தார். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன் இப்படியா ஆடுவான்?

கே: அப்படியென்றால் டெஸ்ட் ஆடாதது அநியாயம்தானே சார்?

ப: அப்படிச் சொல்ல மாட்டேன். 46 முதல்தர ஆட்டங்களில் ஒரே ஒரு சதம். அதை வைத்து டெஸ்ட் இடம் கேட்க முடியாது.

கே: ஒரே வருடத்தில் இரண்டு ஆட்டத்துக்கும் நேரம் எப்படிக் கிடைத்தது?

ப: கொல்கத்தாவில் கால்பந்து லீக் மழைக்காலத்தில், கிரிக்கெட் குளிர்காலத்தில். அவர் ஆடிய கால்பந்து கிளப்பான மோகன் பகானின் மைதானமும், கிரிக்கெட் ஆடும் ஈடன் கார்டனும் பக்கத்துப் பக்கத்தில்தான். சேற்றில் ஆடிய கால் காய்ந்ததும் பேடைக் கட்ட வேண்டியதுதான்!

கே: ஜகார்த்தா இறுதி ஆட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

ப: அந்த ஆசியப் போட்டியில் தைவானையும் இஸ்ரேலையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேசியதால் உள்ளூர்க் கூட்டம் நம்மவர்கள் மேல் கடுப்பில் இருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே தென் கொரியாவை 2-1 என்று வென்றார்கள். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. கோல் காத்தது பீட்டர் தங்கராஜ். சுனி அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக இரண்டு போட்டிருந்தார்.

கே: பயிற்சியாளராக எப்படி?

ப: ஜாம்ஷெட்பூர் டாடா கால்பந்து அகாடமியின் தொடக்க காலத்தில் இயக்குநராக இருந்து இளம் பையன்களை வளர்த்தார். ஆனால் பயிற்சியாளர் என்ற பெயரில் பி.கே.வுக்குக் கிடைத்த புகழ் இவருக்கு இல்லை.

கே: மோகன் பகானின் பரம எதிரி கிளப்பான ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியிருக்கிறாரா?

ப: இல்லவே இல்லை. 1954 முதல் 1968 வரை மோகன் பகான்தான்.