ஆலைச் சங்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, என் வீட்டுக்காரர் சர்க்கரை மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்க்கிறார். ராத்திரி வந்து சட்டையை உதறினால் மாவாகக் கொட்டுகிறது. "இது வெடிக்குமாம், வகுப்பு எடுத்தார்கள்" என்று சிரிக்கிறார். பொங்கலுக்குப் போடுகிற சர்க்கரை வெடிக்குமா?
— வாசகி, மாஹேபூர், மொரீஷியஸ்

வெடிக்கும், அம்மா. அவரைச் சிரிக்க விடாதீர்கள்.

சட்டியில் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் வைத்தால் உருகும், பாகாகும், கருகும். அவ்வளவுதான், ஏனென்றால் மேலே உள்ளதை மட்டும்தான் காற்று தொடுகிறது. அதே சர்க்கரை மாவாகி, மூடிய இடத்தில் காற்றோடு கலந்து பறந்தால் கதை வேறு. ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்திருக்கும். ஒரு பொறி விழுந்தால் எல்லாத் துகளும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். விரிவதற்கு இடமில்லாத அனல் சுவரையே தள்ளிவிடும்.

2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் இப்படித்தான் 14 பேர் இறந்தார்கள். 8 பேர் ஆலையிலேயே. மீதி 6 பேர் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்து போனார்கள். சைலோக்களுக்கு (சர்க்கரை கொட்டி வைக்கும் உயரமான தொட்டிகளுக்கு) அடியில் சர்க்கரையைக் கொண்டுபோன கன்வேயர் பட்டையில் குப்பை விழக்கூடாது என்று முந்தைய வருஷம் தகடு போட்டு மூடியிருந்தார்கள். சுத்தத்துக்காகச் செய்த வேலை. ஆனால் தூசு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே திரண்டுவிட்டது. சூடேறிய ஒரு பேரிங் (இயந்திரத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) அதைப் பற்றவைத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. முதல் வெடிப்பு சின்னதுதான். அந்த அதிர்ச்சியில் உத்திரங்களிலும் தரையிலும் வருஷக்கணக்காகப் படிந்திருந்த தூசு கிளம்பியது. ஆட்களைக் கொன்றது அடுத்தடுத்து வந்த வெடிப்புகள்.

நம் தீவுக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. ஐரோப்பாவோடு இருந்த பழைய சர்க்கரை ஒப்பந்தம் 2009-இல் முடிந்தது. அதிலிருந்து வெள்ளைச் சர்க்கரையாகச் சுத்திகரித்து அனுப்புவது இங்கே பெருகிவிட்டது. பழுப்புச் சர்க்கரையில் பாகு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் ஈரம் இருக்கும். காய்ந்த வெள்ளைச் சர்க்கரைதான் அதிகம் தூசு பறக்கவிடும். உங்கள் வீட்டுக்காரர் சட்டையில் கொட்டுவது அதுதான்.

வணக்கம் அண்ணா. ஒரு சுத்திகரிப்பு ஆலையில் என்னைப் பயிற்சிப் பொறுப்பில் போட்டிருக்கிறார்கள். லகூப் (கரும்பு வெட்டும் பருவம்) தொடங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம் இங்கிலீஷில் படங்கள் காட்டுகிறோம். எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். கோப்பு நிறைந்துவிட்டது, ஆனால் எனக்கு மனசு நிறையவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், ஃப்ளாக்

தம்பி, நிறையாத அந்த மனசை விட்டுவிடாதே. அதுதான் உன் வேலைக்கு முதல் தகுதி.

முப்பது வருஷம் ஆலையில் இருந்தேன், கடைசியில் ஷிப்ட் ஃபோர்மேன். நானும் உன் மாதிரி வகுப்பு எடுத்தவன். முன்வரிசையில் ஒரு பெரியவர் கை கட்டி உட்கார்ந்திருப்பார். எதைச் சொன்னாலும் "மோ ஃபின் கோன்ப்ரான்" என்பார். புரிந்துவிட்டதாம். ஒருநாள் படத்தை அணைத்துவிட்டு நம் கிரியோல் பேச்சிலேயே அவரைக் கேட்டேன்: "பேரிங் சூடேறினால் உமக்கு எப்படித் தெரியும்?" அவர் யோசிக்கவே இல்லை. "வாசம் வரும். பாகு தீய்ந்த வாசம். மூன்று ராத்திரியாக இரண்டாவது கன்வேயர் பக்கம் வருகிறது" என்றார்.

வகுப்பை அங்கேயே நிறுத்தி கன்வேயரையும் நிறுத்தச் சொன்னேன். பேரிங் உறையில் கை வைக்க முடியவில்லை. மேலே பழுப்பாகச் சர்க்கரை ஒட்டிக் காய்ந்திருந்தது, வாணலி விளிம்பில் காய்வது போல. "ஏன் சொல்லவில்லை?" என்றதற்கு, "யாரும் கேட்கவில்லையே" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. வருஷா வருஷம் அவர் முன்னால் நின்று பேசினோம், அவரைப் பேச விடவே இல்லை.

அதனால் சொல்கிறேன், நீ பேசுவதைப் பாதியாகக் குறை. அமெரிக்காவில் 1992-இல் வந்த செய்முறைப் பாதுகாப்பு விதியில் ஒரு நல்ல அம்சம் உண்டு. பயிற்சி பெற்றவர் பெயரும் தேதியும் மட்டும் குறித்தால் போதாது, அவர் புரிந்துகொண்டதை எந்த வழியில் சோதித்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். குறைந்தது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபயிற்சியும் உண்டு. அந்த விதி ரசாயனங்களுக்கு வந்தது, சர்க்கரைத் தூசு அதில் வராது. இருந்தாலும் அந்த வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். நம் 2005-ஆம் வருஷத்துச் சட்டமும் பயிற்சியை முதலாளியின் கடமையாகத்தான் வைத்திருக்கிறது.

ஆட்களை இயந்திரத்தின் பக்கத்துக்கே கூட்டிப்போ. "இது நின்றுபோனால் முதலில் எதைத் தொடுவாய்? எதைத் தொடமாட்டாய்?" என்று கேள். கையால் காட்டட்டும், கிரியோலில் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் திட்டாதே. திட்டினால் அடுத்த தடவை வாய் திறக்கமாட்டார்கள்.

தூசுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடு. பேப்பர் கிளிப் கம்பியின் கனத்துக்கு, ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக, தரையில் பரவலாகப் படிந்திருந்தாலே ஆபத்து. உத்திரத்துக்கு மேலே ஏறிப் பார்க்கச் சொல். விரலால் பெயர் எழுத முடிந்தால் அன்றைக்கே சுத்தம் செய்ய வேண்டும். காற்றுக் குழாயால் ஊதவே கூடாது, அதற்கென்றே உள்ள உறிஞ்சும் கருவிதான் வேண்டும். நான் இளவயதில் ஊதியே சுத்தம் செய்தவன். எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

இன்னொன்று. ஏதாவது தகடு, மூடி, குழாய் புதிதாகப் போட்டால், அன்று அந்த ஷிப்டுக்குப் பயிற்சி நடக்காமல் இயந்திரம் ஓடக்கூடாது என்று மேலாளரிடம் எழுதி வாங்கு. போர்ட் வென்ட்வொர்த்தில் போட்டது ஒரு தகடுதான். வெளியேறும் ஒத்திகையையும் நடத்து, ராத்திரி ஷிப்டுக்கும் சேர்த்து. அந்த ஆலையில் அதுவும் நடக்காமல்தான் இருந்தது.

நாங்கள் வெல்டிங் கான்ட்ராக்ட் ஆட்கள். லகூப் முடிந்து இரண்டு மாதம் மட்டும் ஆலைக்குள் வருகிறோம். எங்களையும் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார வைப்பது நியாயமா? கூலி நஷ்டம்.
— வாசகர், ரோஸ் ஹில்

அந்த ஒரு நாள் கூலியை ஆலை கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வகுப்பை விடாதீர்கள்.

2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி பெட்ரோலிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. இறந்த 15 பேருமே கான்ட்ராக்ட் ஆட்கள். வெடித்த யூனிட்டில் அவர்களுக்கு வேலையே இல்லை. பக்கத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர் ஆபீஸ்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். அந்த யூனிட்டை அன்று திரும்ப ஓட்டப் போகிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வெல்டிங் பெர்மிட்டில் கையெழுத்துப் போடும்போது, நீங்கள் நிற்கும் தளத்துக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது, யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆலையின் ஆளோடு நீங்களும் ஏறிப் பாருங்கள். அதுவரை டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள்.