அலாரத்தை நாமே பொருத்தலாமா?

இம்முறை வந்த கேள்விகளில் நான்கு, கார் அலாரத்தைப் பற்றியவை. ஒன்றன் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடைய கார் பழைய மாடல். சைரன், ரிமோட், அதிர்வு உணரி எல்லாம் அடங்கிய அலாரம் செட் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் சிறு மின்வேலைகளை நானே செய்துகொள்வேன். பொருத்துவதற்குக் கேட்கும் கூலியோ அலாரத்தின் விலையை நெருங்குகிறது. நானே பொருத்தலாமா, அல்லது ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம்தான் விட வேண்டுமா?

பதில்: இதற்கான விடை உங்கள் கைத்திறனைக் காட்டிலும் உங்கள் காரின் வயரிங்கைப் பொறுத்தது. கதவு திறந்திருக்கிறது என்ற செய்தி காருக்குள் எந்த வழியில் போகிறது என்பதை முதலில் பாருங்கள். பழைய கார்களில் கதவுச் சட்டத்தில் ரப்பர் தொப்பி போட்ட சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். கதவு திறந்தால் அது வெளியே துருத்திக்கொண்டு, உள்விளக்குக்குச் செல்லும் வயரை எர்த்துடன், அதாவது பாடியின் உலோகத்துடன், சேர்க்கும். அந்த ஒரு வயரைக் கண்டுபிடித்துவிட்டால் அலாரத்துக்கு வேண்டிய பாதிச் செய்தி கிடைத்துவிடும். மல்டிமீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை பாடியின் உலோகத்திலும் சிவப்பு முனையை அந்த வயரிலும் வைத்துப் பாருங்கள். கதவு மூடியிருக்கும்போது 12 வோல்ட்டுக்கு அருகிலும், திறந்தவுடன் சுழியமும் காட்டினால் அது எர்த் வகை. நேர்மாறாகக் காட்டினால் பாசிட்டிவ் வகை. அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனி வயர்கள் இருக்கும். உரியது ஒன்றை மட்டும் இணைத்து, மற்றதன் முனையை மடக்கி டேப் சுற்றிவிட வேண்டும்.

புதிய கார்களில் நிலைமை வேறு. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் நுண்சுவிட்ச் தன் செய்தியை ஒரு கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்ல, அந்தக் கணினி அதை மற்ற கணினிகளுக்கு இரண்டு மெல்லிய முறுக்கு வயர்கள் வழியாக எண்வடிவில் அறிவிக்கிறது. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய, கேன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறை இது. இந்த வயர்களில் 12 வோல்ட்டைத் தேடுகிறவர் ஏமாந்து போவார். செய்தி இல்லாத நேரத்தில் இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். செய்தி போகும்போது ஒன்று 3.5 வரை ஏறும், மற்றது 1.5 வரை இறங்கும். இதில் பழைய பழக்கத்தில் ஒரு டெஸ்ட் லேம்ப்பைக் குத்தினால், அந்த பல்பு இழுக்கும் மின்னோட்டமே கணினியின் வெளியீட்டுச் சுற்றைப் பாழாக்கப் போதுமானது. அப்படிப்பட்ட காருக்கு அலாரம் வேண்டுமென்றால் அந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்த, அந்த மாடலுக்கென்றே நிரல் ஏற்றப்பட்ட தனிப் பெட்டி தேவைப்படும். அந்த வேலையை அதையே தொழிலாகச் செய்கிறவரிடம் விட்டுவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கார் முதல் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் நீங்களே செய்யலாம். ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பழகியவர் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிப்பதைப் பார்த்து நாமும் முடித்துவிடலாம் என்று மாலையில் தொடங்குகிறவர்கள், இருட்டில் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டபடி நிற்பார்கள். தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் அதற்குப் பிறகு ரேடியோ மறையெண் கேட்கும் என்பதால் அந்த எண் கையில் இருக்கட்டும். மின்னழுத்தம் பார்க்க வேண்டிய நேரங்களில் மட்டும் முனையைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்கினுடையது. டெஸ்ட் லேம்ப் மட்டுமல்ல, மல்டிமீட்டரைக்கூட அதனருகே கொண்டு போக வேண்டாம். மின்தடை அளக்கும் நிலையில் மீட்டரே ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாசிட்டிவ் மின்சாரத்தை நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்து, ஃப்யூஸைப் பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் பொருத்துங்கள். ஃப்யூஸ் காக்க வேண்டியது அலாரத்தை மட்டுமன்று, பேட்டரியிலிருந்து அலாரம் வரை ஓடும் வயரையும்தான். ஃப்யூஸ் அலாரப் பெட்டியருகே இருந்து, வயர் எஞ்சின் அறைத் தகட்டில் உரசி உறை கிழிந்தால் நடுவில் அதைத் தடுக்க எதுவுமில்லை. அந்தத் தகட்டைத் தாண்டும்போது ஏற்கெனவே இருக்கும் ரப்பர் வளையத்தின் வழியாகவே வயரைக் கொண்டு செல்லுங்கள். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையெனில் கழுவும் தண்ணீர் அதில் தேங்கும். புகைக்குழாயின் சூட்டிலிருந்தும் அது தள்ளியிருக்க வேண்டும்.

இணைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிலாளி செய்த வேலைக்கும் பொழுதுபோக்காகச் செய்த வேலைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் என் காருக்கு நானே அலாரம் பொருத்தினேன். வயரைச் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மறைவாகத் தள்ளிவிட்டு மிகவும் பெருமையாக இருந்தேன். அடுத்த கோடையில் அலாரம் காரணமில்லாமல் அலறத் தொடங்கியது. ஸ்டியரிங் கீழ்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது டேப்பின் பசை உருகி, சுற்று முழுவதும் வயரின்மீது வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் கறுப்புப் பிசுக்கு. திறந்து கிடந்த செம்பு, கார் குலுங்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்த உலோகத் தாங்கியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது வேலை செய்தால் வயரின் உறையை மட்டும் ஒரு விரற்கடை நீக்கி, புது வயரின் இழைகளை அதன் நடுவே நுழைத்துச் சுற்றி, ஈயம் வைத்து, டேப்பின் முடிவில் ஒரு பிளாஸ்டிக் கட்டும் போடுவேன். ஈயம் வைத்த இடம் விறைப்பாகிவிடும் என்பதால், அது ஆடாதபடி பக்கத்து வயரிங் கட்டோடு சேர்த்துக் கட்டுவதும் வேலையில் சேர்ந்ததே. வயரைக் கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்புகள் சில அலாரம் செட்டுகளிலேயே வரும். அவற்றை நான் பயன்படுத்துவதில்லை. மெல்லிய வயரின் பாதி இழைகளை அவை அறுத்துவிடுகின்றன.

கூலி மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் உத்தரவாதம் இன்னும் முடியாத கார் என்றால் அந்தத் தாளை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். சில காப்பீட்டு நிறுவனங்கள் அலாரத்துக்குச் சலுகை தரும்போது பொருத்தியவரின் சான்றிதழைக் கேட்கும். அதை நாமே எழுதிக்கொள்ள முடியாது. இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். சைரன் ஓசை எழுப்புமே தவிர காரை நிறுத்தி வைக்காது. சாவிக்குள் சில்லு உள்ள, நிறுவனமே பொருத்திய இம்மொபிலைசர் உங்கள் காரில் இருந்தால் காரை ஓட்டிச் செல்வதைத் தடுக்கும் பெரிய வேலையை அது செய்துகொண்டிருக்கிறது. அலாரம் அதற்குமேல் கண்ணாடி உடைப்பையும் உள்ளிருக்கும் பொருளையும் காக்கும் கூடுதல் ஏற்பாடு.

கேள்வி: என் அலாரத்தில் எஞ்சினை நிறுத்தும் ரிலே ஒன்றும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் காரைக்கூட ரிமோட்டால் நிறுத்திவிடலாம் என்று விற்றவர் சொன்னார். மற்றதையெல்லாம் பொருத்திவிட்டேன். இதை எந்த வயரில் சேர்க்க வேண்டும்?

பதில்: ஓடும் காரை நிறுத்தும் இணைப்பு வேண்டவே வேண்டாம். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டொரு மிதிப்பில் தீர்ந்துவிடும். திருடன் ஓட்டினாலும் எதிரே வருபவர் திருடன் அல்லர். அத்துடன், ரிலேயின் இணைப்பு ஒருநாள் தளர்ந்தால் அப்போது சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் நீங்களாகவே இருக்கலாம். இக்னிஷன், எரிபொருள் பம்பு ஆகியவற்றின் வயர்களைத் தொடாமல், சாவியைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் வரும் ஸ்டார்ட்டர் வயரில்தான் ரிலேயைச் சேர்க்க வேண்டும்.

ரிலே என்பது உள்ளே இருக்கும் ஒரு மின்சுருளால் இயங்கும் சுவிட்ச். அதன் அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று பொறித்திருக்கும். இவை ஜெர்மானியத் தரவிதிப்படி வந்த எண்கள். 85, 86 சுருளின் இரு முனைகள். சுருளுக்கு மின்சாரம் இல்லாதபோது 30 என்பது 87ஏ-வுடன் இணைந்திருக்கும், மின்சாரம் வந்தால் 87-க்கு மாறும். ஸ்டார்ட்டர் வயரை வெட்டி ஒரு முனையை 30-லும் மற்றதை 87ஏ-விலும் சேர்த்தால், அலாரம் ஆயத்தநிலையில் இருக்கும்போது மட்டும் சுருள் இயங்கி வழியை அறுக்கும். அலாரப் பெட்டியே செத்துப் போனாலும் கார் ஸ்டார்ட் ஆகும். 87-இல் சேர்த்தால் பாதுகாப்பு கூடுதல்தான். ஆனால் அலாரம் பழுதான அன்று நள்ளிரவில் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் விளக்கிவிட்டு, இந்த ஒரு வயரை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள் என்று சொல்கிறேன். அலாரத்தின் மற்ற வயர்களில் பெரும்பாலானவற்றில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். இதில் ஓடுவது பல மடங்கு. முனையைச் சரியான கருவியால் அழுத்திப் பிடிக்காமல் கொறடால் நசுக்கி விட்டால் முதல் நாள் ஒழுங்காகத்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்து அந்த முனை சூட்டில் கறுத்து, ஒருநாள் ஸ்டார்ட் ஆவதும் ஒருநாள் ஆகாததுமாக இருக்கும், நீங்களும் பேட்டரியையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: தொழில்முறை ஆளிடம்தான் அலாரம் பொருத்தினேன். அதன்பின் ஒரு வாரம் காரை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. அவர் பேட்டரிதான் பழையது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். அணைத்து வைத்த கார்கூட கடிகாரம், கணினி ஆகியவற்றுக்காகப் பொதுவாக 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை எடுக்கும்; நல்ல அலாரம் அதனுடன் 10, 20 சேர்க்கும். மொத்தம் 50 என்றால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி முற்றாகத் தீர 900 மணி நேரம், அதாவது 37 நாட்களுக்கு மேல் ஆகும். அதே கசிவு 150 மில்லியாம்பியரானால் 12 நாட்களில் தீர்ந்துவிடும். முழுதும் தீருமுன்பே ஸ்டார்ட்டர் சுற்ற மறுக்கும் என்பதால், நீங்கள் சொல்லும் ஒரு வாரம் இதனோடு ஒத்துப்போகிறது.

அளக்கும் முறை இது. ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்து, அதன் பூட்டின் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளிவிடுங்கள். கதவு மூடியிருப்பதாகக் கார் நம்பிக்கொள்ளும். சட்டத்தில் சுவிட்ச் இருக்கும் கார் என்றால் அதையும் அழுத்தி டேப் ஒட்டிவிடுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே சேருங்கள். இந்த நிலையில் மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். கணினிகள் உறங்க அரை மணி நேரம் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அலாரத்தின் ஃப்யூஸை மட்டும் பிடுங்குங்கள். எண் சட்டென்று விழுந்தால் அலாரத்தின் இணைப்பில் கோளாறு; அதே எண்ணைக் காட்டினால் அவர் சொன்னதுபோலப் பேட்டரியையோ காரின் வேறு கசிவையோ பார்க்க வேண்டும். கடைசியில் கைப்பிடியை இழுத்துப் பூட்டின் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள்.

கோளாறு அலாரத்தில்தான் என்றால் அவரிடமே திரும்பக் கொண்டுபோய், எந்த வயரிலிருந்து மின்சாரம் எடுத்தார், எங்கே எர்த் கொடுத்தார் என்று காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் மூடியைக் கழற்றிக் காட்டத் தயங்கமாட்டார். ஒழுங்காகச் செய்த இணைப்பு அருகில் போய்ப் பார்த்தால்தான் புது வயர் என்று தெரியும். மற்ற வயர்களோடு ஒரே கட்டாக, ஒரே போக்கில் ஓடும். பெட்டி தொங்கிக்கொண்டும் பல நிற வயர்கள் பந்தாகச் சுருண்டும் இருந்தால், கூலி வாங்கியவர் செய்தது என்பதற்காக அது நல்ல வேலையாகிவிடாது. பொறுமையுள்ள பழகாதவர் அவசரக்காரத் தொழிலாளியைவிட நன்றாகச் செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: லாரி போனாலே அலாரம் அடிக்கிறது. அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்க முடியவில்லை. பொருத்தியவரிடம் மறுபடி போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதிர்வு உணரி தீப்பெட்டி அளவில், பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே ஏதாவது உலோகத் தாங்கியோடு கட்டியிருக்கும். அதன் முகத்தில் சிறிய திருகு ஒன்று தெரியும். அதைக் குறைக்கும் பக்கம் ஒரு கடிகார முள் ஒருமணி தள்ளும் அளவுக்கு மட்டும் திருப்பி, அலாரத்தை ஆயத்தநிலையில் வைத்து, ஒரு நிமிடம் கழித்துக் கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் கைமுட்டியின் பக்கவாட்டால் தட்டுங்கள். லேசான தட்டுக்குப் பேசாமலும், பலமான தட்டுக்கு அடிக்கும்படியும் வரும்வரை இப்படியே செய்யுங்கள். எவ்வளவு குறைத்தும் அடங்கவில்லையென்றால் உணரி உறுதியாகக் கட்டப்படாமல் ஆடிக்கொண்டிருக்கலாம், அல்லது கட்டப்பட்ட தாங்கியே அதிரும் மெல்லிய தகடாக இருக்கலாம். வேறு கனமான தாங்கிக்கு மாற்றி இரண்டு கட்டு போட்டுப் பாருங்கள். உங்களுடையது ஒலியலை உணரி வகை என்றால் திருகைத் தொடுமுன் கண்ணாடியெல்லாம் முழுதாக ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள், விரற்கடை இடைவெளியில் நுழையும் காற்றே அதற்குப் போதும்.